பல்கலைக்கழக வாசலில் ஒரு கொண்டோ: வாடகை கடனைக் கட்டுமா?



ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வருவார்கள். வீடு காலியாகக் கிடக்காது. வாடகைப் பணமே வங்கிக் கடனைக் கட்டிவிடும். பல்கலைக்கழகத்திற்கு அருகில் கொண்டோமினியம் விற்கும் முகவர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான். நாற்பது, ஐம்பது வயதை எட்டிய நம்மவர்களில் பலருக்கு, சேமித்த பணத்தை இப்படி ஒரு வீட்டில் போடலாமா என்ற எண்ணம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பும் ஓய்வுக்காலமும் நம்பியிருக்கும் பணம் அது. ஆகவே, கையெழுத்துப் போடுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கைக்கு வருவது எவ்வளவு?

உதாரணத்திற்கு, 900 சதுர அடி வீட்டின் விலை 4 லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு முன்பணம் 40,000 வெள்ளி. சொத்து மாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை 7,000 வெள்ளி. கடன் பத்திரத்திற்கு 1,800 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணமும் கட்டில், மேசை, சலவை இயந்திரச் செலவும் தனி.

மீதி 3 லட்சத்து 60 ஆயிரம் வெள்ளிக்கு 4.2 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுக் கடன் என்றால், மாதத் தவணை ஏறக்குறைய 1,760 வெள்ளி. சதுர அடிக்கு 35 காசு என்றால் பராமரிப்புக் கட்டணம் 315 வெள்ளி. அதில் 10 விழுக்காடு சிங்கிங் ஃபண்ட். மதிப்பீட்டு வரி, காப்புறுதி எல்லாம் மாதத்திற்கு 80 வெள்ளி என்று கொண்டால், மொத்தச் செலவு சுமார் 2,190 வெள்ளி.

வரவைப் பார்ப்போம். மூன்று அறைகள், அறைக்கு 600 வெள்ளி. மாதம் 1,800 வெள்ளி. ஆனால் நீண்ட விடுமுறையில் மாணவர்கள் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போவதுண்டு. ஆண்டில் 10 மாத வாடகை கிடைத்தால், சராசரி 1,500 வெள்ளிதான். மாதந்தோறும் 690 வெள்ளி கையிலிருந்து போகிறது. 70 வயதுக்குள் கடனை முடிக்க வேண்டியிருக்கும் 50 வயதுக்காரருக்குத் தவணை 2,220 வெள்ளியாக உயர்கிறது. அவருக்குத் துண்டு விழுவது சுமார் 1,150 வெள்ளி.

விளம்பரத்தில் இந்த வீட்டின் வாடகை வருமானம் 5.4 விழுக்காடு என்றிருக்கும். காலி மாதங்களையும் பராமரிப்பையும் கழித்தால், கடன் வட்டியைச் சேர்க்காமலே, அது 3.2 விழுக்காடாகிறது. ஊழியர் சேமநிதி வாரியம் 2023ஆம் ஆண்டுக்கு 5.5 விழுக்காடும், 2024ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடும் இலாப ஈவு கொடுத்தது. வீட்டின் விலை ஏறினால்தான் இந்த முதலீட்டில் இலாபம். விலை ஏறியதென்று அவசரப்பட்டு விற்றாலும் வரி உண்டு. 2022 முதல் நடப்பிலுள்ள விகிதப்படி, மூன்று ஆண்டுகளுக்குள் விற்கும் குடிமக்கள் ஆதாயத்தில் 30 விழுக்காட்டைச் சொத்து ஆதாய வரியாகச் செலுத்த வேண்டும். ஆறாம் ஆண்டிலிருந்துதான் அவர்களுக்கு வரி இல்லை.

பல்கலைக்கழகமும் இடம் மாறும்

யுதார் பல்கலைக்கழகம் 2007இல் கம்பாரில் வளாகம் திறந்ததும், பழைய ஈயச் சுரங்க நகரம் மாணவர் நகரமானது. அதே யுதார், பெட்டாலிங் ஜெயா, செத்தாபாக் வளாகங்களிலிருந்து 2015இல் சுங்கை லோங்கிற்கு மாறியது. மாணவர்கள் போனால் அவர்களை நம்பி வாங்கிய வீட்டுக்காரர் என்ன செய்வார்? 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோதும், வகுப்புகள் இணையத்திற்குப் போயின, அறைகள் காலியாயின, வங்கித் தவணை மட்டும் அப்படியே நின்றது. கடன் ஒத்திவைப்புச் சலுகை கிடைத்தவர்களுக்கும் அது தள்ளிப்போனதே தவிர, தள்ளுபடியாகவில்லை.

எனவே, மாணவர் இல்லாவிட்டால் வேறு யார் குடிவருவார் என்பதுதான் முதல் கேள்வி. மலாயாப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கெரிஞ்சி, பந்தாய் வட்டாரத்தில் எல்.ஆர்.டி. நிலையம் உண்டு, மருத்துவமனை உண்டு, அலுவலகங்கள் உண்டு. தாதியரும் அலுவலக ஊழியர்களும் அங்கே வாடகைக்கு வருவார்கள். ஒரே ஒரு கல்லூரியை மட்டும் நம்பி நிற்கும் கட்டடத்திற்கு அந்தத் துணை இல்லை.

வாங்க நினைப்பவர் இரவு ஒன்பது மணிக்கு அந்தக் கட்டடத்தின் முன் நின்று, எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று பார்க்கட்டும். அறை வாடகையை முகவரிடம் கேட்காமல் மாணவர்களிடமே கேட்கட்டும். பல்கலைக்கழகம் புதிய தங்கும் விடுதி கட்டுகிறதா, பராமரிப்புக் கட்டண பாக்கி எவ்வளவு என்றும் விசாரிக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்து மனம் நொந்த நம் பிள்ளைகள் ஏராளம். நம்மவர் ஒருவர் வீட்டுக்காரரானால், இனம் பாராமல், எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் இரண்டு மாத வைப்புத்தொகையும் பெற்றுக்கொண்டு வீட்டைக் கொடுக்கலாம். அது முதலீடு மட்டுமல்ல, சமுதாயத்திற்கும் ஓர் உதவி.

மாதம் 700 வெள்ளி துண்டு விழுந்தாலும் தாங்கும் வருமானமும், ஆறு மாதத் தவணைக்குக் கையிருப்பும் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். அவை இல்லாதவர், ஓய்வுக்காலப் பணத்தை இருக்கும் இடத்திலேயே விட்டுவைப்பது நல்லது.