வாக்களித்தோம், இனிக் கேட்போம்!



2023 மார்ச்சில் நடைபெறவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லையென்று பின்தள்ளப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென 2024இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் நாளே நாம் வாக்களித்தோம்.

வழக்காடிப் பெற்ற வாக்கு அது! அதனைப் பெட்டியிலிட்டதோடு எம் கடன் தீர்ந்ததா? இல்லை! ஊர் வீதி, தெருவிளக்கு, வடிகால், சந்தை யாவும் சபையின் பொறுப்பன்றோ? 2018ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் வட்டாரத்துக்கென உறுப்பினர் உளர். எனவே, யாரைக் கேட்பதென்னும் சாக்கு இனி எமக்கில்லை.

வாக்காளர் இடாப்பில் எம் பெயர் உளதாவெனப் பார்ப்போம். செலுத்திய சோலைவரி சென்ற வழியைக் கேட்போம். அயலவரையும் கேட்கச்செய்வோம். வாய்திறவா வட்டாரத்தில் விளக்கெரியாது!