ஊரில் குடியிருக்கும் பொறியாளர்



பத்தமடையில் மேடை ஏறுகிறவர்கள் முதலில் ஒரு டாக்டரைச் சொல்லிவிட்டுத்தான் தங்கள் பேச்சைத் தொடங்குவார்கள். 1887-இல் இங்கே பிறந்த குப்புசாமி தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். மலாயாவில் தோட்டத் தொழிலாளர் மருத்துவமனையில் பத்தாண்டு வேலை பார்த்தார். பிறகு ரிஷிகேசம் போய் சுவாமி சிவானந்தரானார். காவி கட்டிய பிறகும் அங்கே அவர் முதலில் நடத்தியது ஓர் இலவச மருந்தகம்தான். வைத்தியரின் கை எல்லோருக்கும் தெரியும். நாடி பிடித்த கையை நோயாளி மறப்பதில்லை. பொறியாளருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் ஒழுங்காக வரும்வரை யாரும் அவரை நினைப்பதில்லை. கரை உடைத்துக்கொண்ட அன்றைக்கு, “எந்த இன்ஜினியர்யா இதைக் கட்டினான்?” என்று கேட்போம்.

ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர் நினைவில் அவர் குடும்பத்தார் இந்த அறக்கட்டளையை அமைத்திருக்கிறார்கள். அவரைப் பற்றி எனக்கு முன் பேசிய அண்ணாச்சி விரிவாகச் சொல்லிவிட்டார். எனக்குத் தந்த தலைப்பு வேறு: சிறிய ஊரில் இருந்துகொண்டு ஊருக்கு உழைக்கிற பொறியாளரின் வாழ்க்கை. இதற்கு இன்று நம்மிடையே இருக்கிற நல்ல சான்று திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்துக்காரர். ஆனாலும் பத்தமடையில் பேசும்போது கன்னடியன் கால்வாயைத் தாண்டாமல் குத்தம்பாக்கம் போக முடியாது.

தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், பதினொரு கால்வாய்கள். இவற்றை நம்பி 86,107 ஏக்கர் என்பது அரசுக் கணக்கு. மூன்றாவது அணைக்கட்டு கன்னடியன். அதன் கால்வாய்தான் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாக நம் வயலுக்கு வருகிறது. சுமார் 12,500 ஏக்கர் அதன் பாசனம். வெட்டியவர் யார்? கன்னட நாட்டிலிருந்து பொருளோடு வந்த ஒரு பிரம்மச்சாரி என்பது கதை. ஒரு பசு முன்னால் நடந்ததாம். அது போன வழி கால்வாய், படுத்த இடம் குளம், கோமியம் விட்ட இடம் மடை. படித்தவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். மேய்கிற பசு வீணாக மேடேறாது. சரிவைப் பார்த்து, மட்டத்தை விடாமல் நடக்கும். மட்டம் பார்க்கும் கருவி இல்லாத காலத்து ஒரு சர்வே வேலையை ஊர் இப்படி ஞாபகம் வைத்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. வாய்க்காலில் தண்ணீர் வற்றினால் சேரன்மகாதேவியில் மிளகுப் பிள்ளையாருக்கு மிளகு அரைத்துப் பூசுகிறோம். பொதுப்பணித் துறை வருவதற்கு முன்னாலிருந்தே மனு வாங்குகிறவர் அவர்.

அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொருள் கொடுத்தவனின் அடையாளம் நின்றது. மட்டம் பார்த்தவன் பெயர் போயிற்று. திருநெல்வேலியில் சுலோசன முதலியார் பாலத்துக்கும் இதே கதிதான். ஆற்றைக் கடக்கத் தோணியே கதி என்றிருந்த காலத்தில், கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தாராக இருந்த முதலியார் தன் சொத்தைக் கொடுத்து 1843-இல் பாலம் எழுப்பினார். பதினொரு வளைவுகளோடு, லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் வரைந்தவர் கேப்டன் ஃபேபர், கட்டியவர் ஹார்ஸ்லி. இந்த இரண்டு பெயரையும் பாலத்தில் நடக்கிற எத்தனை பேர் சொல்வார்கள்? முதலியார் பெயர் நிலைத்ததில் எனக்கு முழுச் சந்தோஷம். கைப்பணம் கொடுத்த அரசு ஊழியர் பெயரைத்தான் எழுத வேண்டும். ஃபேபரும் ஹார்ஸ்லியும் பட்டாளத்துப் பொறியாளர்கள். உத்தரவு வந்தால் பெட்டியைக் கட்டுவார்கள். பாலத்தில் விரிசல் விட்டால் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் யாரும் உட்கார முடியாது.

இன்றைக்கு என் பேச்சே அந்தத் திண்ணையைப் பற்றியதுதான்.

குத்தம்பாக்கம் சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியைத் தாண்டி இருக்கிறது. இப்போது புதிய பேருந்து நிலையத்தால் பெயர் அடிபடுகிறது. அந்த ஊர்க்காரர் ரங்கசாமி இளங்கோ. 1960-இல் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப் பொறியியல் படித்தார். ஆயில் இந்தியாவில் கொஞ்ச காலம், பிறகு மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுமத்தில் விஞ்ஞானி. நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு இப்படி வேலை கிடைத்தால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்திருப்போம். அவர் 1994-இல் ராஜினாமா செய்துவிட்டு ஊருக்கு வந்தார். வீட்டுச் செலவின் பாரத்தை மனைவி ஏற்றுக்கொண்டார். சேவை செய்த ஆண்களின் வரலாற்றில் இந்த வரி அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. ஆகவே இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

ஊரில் கள்ளச்சாராயம், குடித்துவிட்டு வீட்டுக்குள் நடக்கிற அடிதடி, சேரிக்கும் ஊருக்கும் நடுவில் பழைய இடைவெளி. 1996-இல், புதிய பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தலில் இளங்கோ தலைவரானார். அதற்குப் பிறகு நடந்த ஒரு சாக்கடை வேலையைத்தான் நான் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன். பொறியாளரின் வாழ்க்கை என்றால் பட்டங்களையும் பதவிகளையும் அடுக்குவது வழக்கம். எனக்கு அந்தச் சாக்கடை போதும்.

அரசுப் பணத்தில் ஒரு வேலை நடக்கிற விதம் இங்கே பலருக்குத் தெரியும். எஸ்டிமேட் போடுவார்கள். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலைப் பார்த்து, இத்தனை மூட்டை சிமெண்ட், இத்தனை லோடு ஜல்லி என்று கணக்கு வரும். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி இரண்டும் வாங்கி, டெண்டர் விட்டு, வேலை நடக்க நடக்க எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதி, அளவுக்கேற்பப் பில் போடுவார்கள். குத்தம்பாக்கத்தில் வடிகால் கட்ட இப்படியொரு எஸ்டிமேட் வந்தது. அதன்படி செய்தால் பொருளெல்லாம் வெளியிலிருந்து வரும், பணமெல்லாம் வெளியே போகும். ஊருக்குப் பக்கத்தில் கிரானைட் கல்லை அறுத்துப் பாலிஷ் போடும் தொழிற்சாலை இருந்தது. கல்லை அறுக்கும்போது ஓரத்தில் விழுகிற துண்டுகள் அங்கே மலையாகக் கிடந்தன. ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கம் சொரசொரப்பு. தொழிற்சாலைக்கு அது கழிவு. சாக்கடைக்கு அதைவிட நல்ல பக்கச்சுவர் எங்கே கிடைக்கும்? தண்ணீர் அரிக்காது, பாசி பிடித்தாலும் துடைத்தால் போய்விடும். இளங்கோ அதைக் கொண்டுவந்து ஊர் ஆட்களை வைத்தே வடிகாலைக் கட்டினார். செலவு எஸ்டிமேட்டைவிட வெகுவாகக் குறைந்தது. செலவானதிலும் பெரும்பங்கு கூலியாக ஊருக்குள்ளேயே தங்கிற்று.

வந்தது பாராட்டில்லை, நடவடிக்கை. அனுமதித்த எஸ்டிமேட்டை மீறிவிட்டார் என்று விசாரணை நடந்தது. தலைவர் பதவியிலிருந்து இளங்கோ இடைநீக்கம் செய்யப்பட்டார். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவு, மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரை நீக்கும் நடைமுறையை மாவட்ட ஆட்சியர் கையில் தருகிறது.

இந்த இடத்தில் அதிகாரிகளை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். கைதட்டலும் கிடைக்கும். எஸ்டிமேட் விதி தலைவர்களின் வாயைக் கட்ட வந்த விதி. அது இல்லாவிட்டால் கிரானைட் துண்டுக்குப் பதில் களிமண்ணை வைத்துக் கட்டிவிட்டு மிச்சத்தைச் சுருட்டுகிற தலைவர் ஊருக்கு ஒருவர் கிளம்புவார். குறைந்த செலவில் நல்ல பொருளை வைக்கிற ஒருவர் வருவார் என்று விதி எழுதியவர் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். காகிதத்தில் நேர்மையான மீறலும் திருட்டும் ஒரே மாதிரி தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்க நேரில் போய்க் கல்லைத் தொட்டுப் பார்க்கிற கண் வேண்டும்.

குத்தம்பாக்கத்தில் அந்தக் கண் கிராம சபையில் இருந்தது. ஊர் கூடியது. எங்கள் கண்முன் கட்டியது, கணக்கு எங்களுக்குத் தெரியும் என்றது. இளங்கோ மறுபடி தலைவரானார். இந்த நிகழ்ச்சியை அவர் ஒருவரின் வீரமாகச் சொல்லும்போது எனக்குச் சம்மதமில்லை. வேலை தொடங்கும் முன்பே கணக்கை ஊர் முன் வைத்திருந்தார். அதனால்தான் இக்கட்டில் ஊர் அவர் பக்கம் நின்றது. அவருடைய பொறியியலில் பாதி அந்தச் சபையில் நடந்தது என்பேன்.

அதற்குப் பிறகு வீடுகள். 1997-இல் கலைஞர் அரசு அறிவித்த சமத்துவபுரம் திட்டத்தைக் குத்தம்பாக்கம் தனக்கேற்ப மாற்றிக்கொண்டது. இரட்டை வீடு. நடுவில் ஒரே சுவர். அதற்கு இந்தப் பக்கம் ஒரு தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். ஊர் மண்ணை அழுத்திச் செய்த கல்லை ஊர்க்காரர்களே அடுக்கினார்கள். தெருவைப் பிரித்துச் சாதியைக் காத்த நாட்டில், இரண்டு குடும்பத்தை ஒரே சுவரில் சாய்ந்து உட்காரவைக்கிற வரைபடத்தை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை. 2001-இல் இளங்கோ மறுபடியும் ஜெயித்தார். மற்ற ஊர்த் தலைவர்களுக்குப் பயிற்சி தரப் பஞ்சாயத்து அகாடமி தொடங்கினார். ஒரு வீட்டுக்கு மாதம் என்னென்ன வேண்டும், அதில் எதையெல்லாம் சுற்றுவட்ட ஊர்களே செய்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, காந்தியின் கிராம சுயராஜ்யத்தைப் பட்டியலாக எழுதிக் காட்டினார். அந்தப் பட்டியல் எல்லா ஊரிலும் பலித்துவிடவில்லை. ஒரு கிராமத்தில் எண்ணெய் ஆட்டினால் கடையில் விற்கிற பாக்கெட் எண்ணெயோடு விலையில் மோத வேண்டியிருக்கிறது. அது சின்ன விஷயமில்லை.

நம் பக்கத்தில் இந்த வழிக்கு வேறொரு சாட்சி உண்டு. முனைவர் பழ. கோமதிநாயகம் பொதுப்பணித் துறைப் பொறியாளர். ‘தமிழகப் பாசன வரலாறு’ அவர் நூல். கோப்பில் கிடந்த பாசனக் கணக்கைத் தமிழில் எழுதி விவசாயி கையில் கொடுத்தார். இளங்கோ கல்லை மாற்றினார், இவர் மொழியை மாற்றினார். தன் கணக்கை ஊர் படிக்கட்டும் என்று நினைத்ததில் இரண்டு பேரும் ஒரே ஜாதி.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பத்தமடை பேரூராட்சி. கிராம ஊராட்சிக்கு உள்ளதுபோல் நமக்குக் கிராம சபை கிடையாது. அதாவது இளங்கோவைக் காப்பாற்றிய அந்தச் சபை, இங்கே நாளைக்கு ஒரு இளங்கோ வந்தால் அவரைக் காப்பாற்ற இல்லை. இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. பேரூராட்சி என்றால் ஒரு படி உயர்வு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பொறியாளர்களுக்கும் பஞ்சமில்லை. திருநெல்வேலியில் அரசுப் பொறியியல் கல்லூரி 1981-இல் வந்தது. பிறகு தனியார் கல்லூரிகள் வரிசையாக வந்தன. தெருவுக்கு நாலு பி.இ. இருக்கிறார்கள், பெங்களூரில். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஊரில் அவர்களுக்கு என்ன வேலை வைத்திருக்கிறோம்?

வேலை இருக்கிறது. நம் பாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த பாய். எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்குப் போன பாய். அதை நெய்கிற பெண்கள் இன்றும் தரையோடு தரையாக இருக்கும் தறியில் முதுகை வளைத்துக் குந்தியிருக்கிறார்கள். கோரையைப் பச்சையாகக் கீறி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அது உப்பிய பிறகு மறுபடி காயவைத்து, இழை இழையாகப் பாவு நூலுக்குள் செலுத்த வேண்டும். தேங்கிய தண்ணீர் இதற்கு ஆகாது. ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடினால்தான் பட்டுப்பாய் உண்டு. விசைத்தறி வந்தது, அதில் முரட்டுப் பாய் வருகிறது, பட்டுப்பாயின் நெருக்கம் வரவில்லை. அந்த நெருக்கத்தைக் கெடுக்காமல் முதுகை மட்டும் நிமிர்த்துகிற ஒரு தறியை யார் செய்வது? ஒரு மாதம் நெய்கிறவர்களோடு தரையில் உட்கார்ந்து, “இது சரிப்படாது தம்பி” என்று அவர்கள் சொல்கிற ஒவ்வொரு தடவையும் மாற்றிச் செய்கிறவர்தான் செய்ய முடியும்.

வாய்க்காலும் அப்படித்தான். முன்பு ஆண்டுக்கொரு முறை குடிமராமத்து என்று ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. வராதவர்களைச் சட்டம் போட்டு இழுக்க வெள்ளைக்காரன் 1858-இல் ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்தான். 2017-இல் அரசு அதே பெயரில் திட்டம் அறிவித்தபோது மண்வெட்டி போய் ஜேசிபி வந்திருந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டபோது, எந்த மடை எந்த நிலையில் இருந்தது என்று சொல்ல நீர்பாய்ச்சுகிற கிழவர்கள் சிலரைத் தவிர நம்மிடம் ஆளில்லை. வெள்ளநீரைச் சாத்தான்குளம் பக்கம் கொண்டுபோகிற புதிய கால்வாயும் நம் கன்னடியனிலிருந்துதான் பிரிகிறது. இனி இந்த வாய்க்காலுக்கு வேலை கூடத்தான் போகிறது.

அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிட்டு, சால்வை போட்டு, பேச்சைப் புத்தகமாக அடிக்கிற செலவை மிச்சம் பிடியுங்கள். பக்கத்துக் கல்லூரியில் கட்டடப் பொறியியல் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடியுங்கள், ஒரு பெண்ணாவது இருக்கட்டும். கன்னடியன் கால்வாய் பத்தமடை எல்லைக்குள் நுழைகிற இடத்திலிருந்து வெளியேறுகிற இடம் வரை அவர்கள் நீர்பாய்ச்சுகிற பெரியவர் ஒருவரோடு நடக்கட்டும். ஒவ்வொரு மடையின் அகலம், உயரம், ஷட்டர் இருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா, எத்தனை வயலுக்குப் பாய்கிறது, கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டுகிறதா, எங்கே சாக்கடை வந்து கலக்கிறது, கோரை ஊறப்போட இன்னும் எங்கே இடம் மிச்சமிருக்கிறது என்று தமிழில் எழுதட்டும். அதைச் சொற்பொழிவுக்குப் பதில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுங்கள். பேரூராட்சி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி, நீர்வளத் துறைக்கு இரண்டு.

இன்று எனக்குத் தருகிற சன்மானத்தை அந்த வேலையின் முதல் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அளவு நாடா நல்லதாக வாங்குங்கள்.