அடுக்களைப் புகையும் வீட்டுக் காற்றும்

(அலுவலர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)



காற்று மாசு என்றதும் ஆலைப் புகையும் சாலை நெரிசலும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், விறகடுப்பை நம்பியுள்ள குடும்பத்தில் தாயும் அவள் இடுப்பிலுள்ள குழந்தையும் சுவாசிக்கும் மிக மோசமான காற்று, அவர்கள் வீட்டு அடுக்களையிலேயே உள்ளது.

1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் குஜராத்தின் நான்கு கிராமங்களில் இதனை அளந்து பார்த்தனர். சமைக்கும் பெண்கள் சுவாசித்த ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக ஏறத்தாழ 7 மில்லிகிராம் துகள்கள் இருந்தன. குழந்தைகளுக்கு நிமோனியாவும் பெரியவர்களுக்கு நாள்பட்ட நுரையீரல் நோயும் வருவதற்கு இப்புகை ஒரு முக்கியக் காரணமாகும். 2020இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் வீட்டுக் காற்று மாசினால் இறந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. மழைக்காலத்தில் சாரலுக்கு அஞ்சிச் சாளரங்களை மூடுகிறோம். ஈர விறகு கூடுதலாகப் புகைகிறது. கொதிக்கும் உலையும் வீட்டுக்குள் உலர்த்தும் துணியும் ஈரத்தைப் பெருக்குகின்றன. ஈரம் தங்கிய சுவரில் பூஞ்சை படர்கிறது. அதன் நுண்வித்துகள் ஆஸ்துமா உள்ளவரைத் துன்புறுத்துகின்றன. இரவில் கதவடைத்த அறையில் ஏற்றும் கொசுவர்த்தியும் நுண்துகள்களை நிரப்புகிறது.

இதற்குத் தீர்வு ஒரு கருவியை வழங்குவதோடு முடிந்துவிடுமா? நம் அனுபவம் வேறு பாடத்தைக் கற்பிக்கிறது. 1983இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன; 2002இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. பின்னர் ஒடிசாவில் 44 கிராமங்களில் புகைபோக்கியுடன் கூடிய அடுப்புகள் வழங்கப்பட்டு, நான்கு ஆண்டுகள் வரை அவற்றின் பயன் ஆராயப்பட்டது. ரெமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோரின் அந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. முதல் ஆண்டில், சமைப்போர் சுவாசித்த புகை குறைந்தது. அதன் பிறகு அப்பயன் மறைந்துவிட்டது. அடுப்புகள் ஒழுங்காகப் பயன்படுத்தப்படவில்லை; பழுது பார்க்கப்படவும் இல்லை. குடும்பத்தாரின் உடல்நலத்திலும் மாற்றம் காணப்படவில்லை.

2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்குச் சமையல் எரிவாயு இணைப்பை வழங்கியுள்ளது. இது பெரும் முன்னேற்றமே. எனினும், அடுத்த உருளை வாங்கப் பணமில்லாத வீட்டில் விறகடுப்பு மீண்டும் மூட்டப்படுகிறது. ஆகவே, இணைப்புகளின் எண்ணிக்கையைவிட, உருளைகள் எத்தனை முறை வாங்கப்பட்டன என்பதே நம் சாதனையின் உண்மையான அளவுகோலாகும்.

வீட்டின் அமைப்பும் இதற்குத் துணை நிற்க வேண்டும். சூடான புகை மேலெழும் இயல்புடையது. எனவே, அடுப்புக்கு மேலே, கூரையை ஒட்டி ஒரு திறப்பும், புதிய காற்று நுழையக் கீழே மற்றொரு வழியும் தேவை. ஒரே சுவரில் இரு சாளரங்கள் வைப்பதைவிட எதிரெதிர்ச் சுவர்களில் வைப்பது காற்றோட்டத்துக்கு உகந்தது. சாரலைத் தடுக்கும் நீண்ட தாழ்வாரம் இருந்தால் மழையிலும் அவற்றைத் திறந்து வைக்கலாம். உலைப்பானையை மூடிச் சமைப்பதும், அலமாரியைச் சுவரிலிருந்து சற்று விலக்கி வைப்பதும் செலவில்லாத வழிகள். பிரதமரின் கிராமப்புற வீட்டு வசதித் திட்டம் 25 சதுர மீட்டர் வீட்டில் சமையலுக்கெனத் தனி இடம் வகுத்துள்ளது. அந்த இடத்தில் புகை வெளியேறவும் வழியுண்டா என்பதை வரைபடத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

அலுவலர்களே, இனி நீங்கள் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றால், அடுப்பு உள்ளதா என்று மட்டும் கேளாதீர்கள். கடைசி உருளை எப்போது வந்தது? புகைபோக்கியைத் துப்புரவு செய்வது யார்? மழைநாளில் எந்தச் சாளரம் திறந்திருக்கும்? இவற்றை அந்த வீட்டுப் பெண்மணியிடமே கேளுங்கள். திட்டம் வெற்றி பெற்றதா என்பதை அவருடைய பதில்களே தெரிவிக்கும்.