தென்காசிக் கோபுரமும் குற்றாலச் சித்திரமும்

தென்காசிக் கோயிலின் கோபுர வாயிலைக் கடப்பவரைப் பொதிகைக் காற்று எதிர்கொண்டு தள்ளும். தெருவில் நிற்பவருக்கு அதன் விசை தெரியாது. வாயிலுள் ஓரடி வைத்ததும் மேலாடையைப் பற்றிக்கொள்ளும். இறைவனின் வரவேற்பு என்று அதற்குப் பொருள் உரைப்பார் உளர். மலைக் கணவாயின் இயல்பு என்பாரும் உளர். பொருள் இரண்டாயினும் காற்று ஒன்றே. அந்தக் காற்று நுழையும் கல்வாயில் பதினைந்தாம் நூற்றாண்டினது. அதன்மேல் எழும் ஒன்பது நிலைகளோ 1990ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றவை. நிமிர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஐந்நூறு ஆண்டு இடைவெளி தென்படுவதில்லை. ஏறத்தாழ 180 அடி உயரத்தில் அது ஒரே கோபுரமாகத்தான் நிற்கின்றது.

பழமையைப் போற்றுவது என்றால் சிதைந்ததைச் சிதைந்தவாறே வைத்திருப்பதா, சிதைவு நீக்கிப் புதுக்குவதா என்னும் வழக்கு இக்கோபுரத்தின் முன் நின்று பேசத்தக்கது. அவ்வழக்கில் முதலில் வாய்திறந்தவன் இக்கோயிலைக் கட்டிய அரசனே.

அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1422 முதல் 1463 வரை ஆண்டவன். மதுரையை இழந்த பாண்டியர் தென்பாண்டி நாட்டில் ஒதுங்கி வாழ்ந்த காலம் அது. 1446இல் அவன் விசுவநாதர் கோயிலை எடுக்கத் தொடங்கினான். தொடங்கிய காரணத்தைக் கல்வெட்டே கூறுகின்றது. வடகாசியில் உள்ள தன் கோயில் அழிவுற்றமையால், சித்திரா நதியின் வடகரையில் தனக்கு ஒரு கோயில் எடுக்குமாறு இறைவன் கனவில் பணித்தான் என்பது அச்செய்தி. ஓரிடத்துச் சிதைவே இன்னோரிடத்துக் கோயிலுக்கு வித்தாயிற்று. மக்கள் வழக்கில் இக்கதை மேலும் வளர்ந்து, எறும்புகளின் வரிசையைப் பின்பற்றிச் சென்று அரசன் இலிங்கத்தைக் கண்டான் என்று வழங்குகின்றது. வரலாற்று நூலார் எறும்பைக் கைவிடுவர்; அது பொறுக்கத்தக்கதே. ஆனால் கனவையும் சேர்த்துக் கைவிட்டு, அதே கல்வெட்டிலிருந்து ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வது முறையாகாது. கனவு நிகழ்ந்ததா என்பது எவராலும் அளக்கவொண்ணாதது. தன் கோயிலைக் குறித்து எது சொல்லப்படவேண்டும் என அரசன் விரும்பினான் என்பதற்கு அக்கனவு ஆண்டைப் போலவே உறுதியான சான்று.

அவன் பாடல் இயற்றுபவனாகவும் இருந்தான் என்பது இலக்கிய வட்டத்தாருக்கு நினைவூட்ட வேண்டிய செய்தியன்று. தென்காசிக் கல்வெட்டுகளுள் அவன் வாக்காக அமைந்த செய்யுள்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு ஈண்டுக் கருதத்தக்கவை. ஒன்று, மனத்தால் எண்ணவும் அரிய இக்கோயிலை இறைவனே முன்னின்று தன்னைக் கொண்டு செய்வித்தான் என்றும், பின்வரும் காலத்தில் இதனைக் காக்கும் பொறுப்பை ஏற்கும் அரசரின் அடிகளைத் தன் தலைமேல் தாங்குவதாகவும் கூறுகின்றது. மற்றொன்று, வரக்கூடாத பழுது ஏதேனும் இக்கோயிலுக்கு வந்துவிடின், அதனை முறையாகப் போக்கிக் காப்பவர் எவராயினும் அவரைப் பணிவதாகக் கூறுகின்றது. முடியணிந்த ஒருவன், இன்னும் பிறவாத ஒருவரின் காலில் விழுகின்றான். பெயர் தெரியாத அந்த ஒருவர் அரசராக இருக்க வேண்டும் என்றுகூட இரண்டாம் பாடல் கேட்கவில்லை.

புதுக்குவாரின் பக்கத்துச் சான்றாகவே இப்பாடலை எடுத்தாளுவது எளிது. திருப்பணி செய்வோரை அரசனே வணங்கிவிட்டான். இனித் தடை கூறுவார் யார்? ஆயினும் பாடலின் பொருளை நின்று நோக்க வேண்டும். போக்குமாறு அவன் சொன்னது பழுதை. காக்குமாறு சொன்னது கோயிலை. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவரைத்தான் அவன் வணங்குகின்றான். பழுதைப் போக்கும் விரைவில் கோயிலையே போக்குவார் அந்த வணக்கத்துக்கு உரியவர் ஆகார்.

அரசன் அஞ்சிய பழுது கோபுரத்துக்கே வந்தது. அவன் தொடங்கிய கோபுரம் அவன் காலத்தில் முடியவில்லை. தம்பி குலசேகர பாண்டியன் முடித்தான். பிற்காலத்தில் அது சிதைந்து பிளந்து நெடுநாள் நின்றது. இடி என்பர் சிலர், தீ என்பர் சிலர். பிளந்த கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்த தலைமுறைகள் உண்டு. டாக்டர் பா. சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணியால் அது மீண்டும் எழுந்தது. தொல்லியல் நெறியை மட்டும் கொண்டு நோக்குவார், பிளவும் வரலாறே, அதை மூடலாகாது என்பர். வழிபாடு நின்றுபோன இடத்துக்கு அவ்வாதம் பொருந்தும். நாள்தோறும் விளக்கேற்றும் கோயிலில், சிதைந்ததை எடுத்துக் கட்டுவதே ஆகமங்கள் கூறும் சீரணோத்தாரணம். ஆதலின் கோபுரம் எழுந்தது குறையன்று. அந்நிலைகளின் உருவங்கள் பழமையின் எந்தச் சான்றைத் தழுவின, எவை கட்டியோரின் கற்பனையில் பிறந்தன என்பதை வாயிலில் நிற்கும் ஒருவர் கேட்டறிய இயலவேண்டும். வழக்கு அங்கேதான் தொடங்குகின்றது. பதினைந்தாம் நூற்றாண்டினர் தொடங்கியவனையும் முடித்தவனையும் பிரித்தறியுமாறு எழுதிவைத்தனர்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது மரபு. அதையொட்டி நிகழும் பணிகளால் தமிழகக் கோயில்கள் பல நலம் பெற்றுள்ளன. பல இழந்தும் உள்ளன. சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அகற்ற மணலை வேகமாகப் பீய்ச்சியடிக்கும் முறை ஒரு காலத்தில் பெருகி வழங்கிற்று. கல் புதியது போலப் பளிச்சிட்டது. ஆனால் மணலுக்கு எழுத்து எது, அழுக்கு எது என்று தெரியாது. கல்வெட்டின் விளிம்பு மழுங்கினால் முதலில் மறைவன எழுத்தின் நுண்ணிய வளைவுகள். வளைவு போனபின் இரண்டு எழுத்து ஒன்றாகிவிடும். பாடலில் ஓர் எழுத்து மாறினால் என்ன நேரும் என்பதைக் கவிஞர் அவையில் விளக்க வேண்டுவதில்லை. அம்முறை பின்னர்த் தடை செய்யப்பட்டது.

வழக்குமன்றமும் இதில் தலையிட நேர்ந்தது. தொன்மைச் சின்னங்களின் நிலையைக் குறித்து நாளிதழில் வந்த கடிதம் ஒன்றைக் கொண்டு சென்னை உயர்நீதிமன்றம் 2015இல் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அதன் வேண்டுகோளின்படி தமிழகக் கோயில்களைப் பார்வையிட்ட யுனெஸ்கோ குழு, பணியை ஏற்று நடத்தத் தகுதியுடைய வல்லுநர் போதாமையை 2017இல் சுட்டிற்று. 2021 சூன் 7இல் வந்த தீர்ப்பு 75 வழிகாட்டுதல்களைக் கொண்டது. தென்காசிக் கோயிலே 2025இல் மன்றம் ஏறியது. பணிகள் முடியவில்லை என்று தொடுத்த வழக்கில் மதுரைக் கிளை குடமுழுக்குக்கு இடைக்காலத் தடை விதித்து, பின் அதை நீக்க, ஏப்ரல் 7இல் விழா நடைபெற்றது. எது முடிந்தது, எது முடியவில்லை என்பதை நீதியரசரிடம் கேட்டறிய வேண்டிய நிலை ஒரு கோயிலுக்கு வருவது வருந்தத்தக்கதே.

தென்காசியிலிருந்து குற்றாலம் சில கல் தொலைவே. கல்லைப் பற்றிய வழக்கு அங்கே வண்ணத்தைப் பற்றியதாக மாறுகின்றது. அம்பலவன் ஆடும் ஐந்து அவைகளுள் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, நெல்லை செம்பு, திருவாலங்காடு மணி; குற்றாலம் சித்திரம். ஏனைய இடங்களில் திருமேனியாக நிற்பவன் இங்கே சுவரோவியமாகவே வழிபாடு கொள்கின்றான். திருக்குற்றாலநாதர் கோயிலுக்குப் புறம்பாகத் தனியே, திருக்குளத்தின் கரையில், அச்சபை அமைந்துள்ளது. மார்கழித் திருவாதிரையில் அங்கே கூடும் கூட்டம் ஓவியத்தின் அழகைச் சுவைக்க வருவதன்று, வணங்க வருவது.

ஆகவேதான் இங்குச் சிக்கல் கூடுகின்றது. ஓவியப் பாதுகாப்பின் நெறி, உதிர்ந்த பகுதியை உதிர்ந்ததாகவே விட்டு, எஞ்சியதை உறுதிப்படுத்துக என்னும். இல்லாத கோட்டைப் புதிதாக வரைவது பொய் என்பது அதன் துணிபு. அடியவரோ, இறைவனின் விழி உதிர்ந்த இடத்தை வெறுஞ்சுவராக எங்ஙனம் வணங்குவது என்பர். இரு சாராரும் நேர்மையுடன்தான் பேசுகின்றனர். சாரலும் ஈரக்காற்றும் ஆண்டில் பல திங்கள் தழுவும் ஊரில் சுவர் தன்போக்கில் நிலைத்திராது. காலந்தோறும் யாரோ தொட்டுப் புதுக்கியே அது இன்றுவரை வந்துள்ளது. மேலே தெரியும் வண்ணத்தை இடைக்காலத்தது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுதல் பிழை. பிற்காலத்தது என்று தள்ளிவிடுதல் அதனினும் பிழை.

தஞ்சைப் பெரிய கோயிலில் இத்தகைய சிக்கல் ஒன்று 1931இல் வெளிப்பட்டது. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை ச. கி. கோவிந்தசாமி கண்டுரைத்தார். கீழதைக் காண மேலதை அழிப்பதா? தொல்லியல் துறையினர் பிற்காலத்தில் மேலடுக்கை நுட்பமாகப் பெயர்த்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்து, இரண்டையும் காத்தனர். அயர்லாந்தில் காசெல் பாறைமீது நிற்கும் கோர்மக் சிற்றாலயம் 1134இல் திருநிலைப்படுத்தப்பட்டது. சுண்ணாம்புப் பூச்சுக்குள் புதைந்திருந்த அதன் ஓவியங்களை மீட்டபின், ஈரம் ஊறிய மணற்கல் உலர வேண்டி, ஆலயத்தைச் சாரக்கட்டும் கூரையும் இட்டுப் பல்லாண்டு மூடிவைத்தனர். அங்கே வழிபாடு இல்லை, மூடுவது எளிது. குற்றாலத்தில் திருவாதிரை காத்திராது.

அயர்லாந்தின் மற்றொரு வழக்கு இன்னும் நெருங்கியது. கடல் நடுவே பாறைத் தீவாகிய ஸ்கெல்லிக் மைக்கேலில் இடைக்காலத் துறவியர் கல் அடுக்கிக் கட்டிய குடில்களும் மதில்களும் உள்ளன. 1996இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று. அரசு செய்த சீரமைப்பு பழஞ்சான்றையே மாற்றிவிட்டது என்று ஆய்வாளர் சிலர் எதிர்த்தனர். 2007இல் நேரில் சென்ற யுனெஸ்கோ குழு, தோற்றம் பெரிதும் மாறியிருந்தாலும் பணிகள் ஏற்கத்தக்கவையே என்றது. ஆனால் அகழ்ந்து கண்டவற்றை நூலாக வெளியிடாமையைக் குறையாகக் கூறிற்று. சில ஆண்டுகளில் அந்நூலும் வெளிவந்தது. கற்களை அடுக்கியதில் பாதியும், அடுக்குமுன் எவ்வாறு கிடந்தன என்று எழுதாததில் பாதியுமாக அப்பூசல் எழுந்தது எனலாம்.

இவ்விடத்தில் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி. கே. சி. நினைவுக்கு வருகின்றார். கம்பன் பாடல்களில் இடைச்செருகல் என்று தமக்குத் தோன்றியவற்றை அவர் துணிந்து ஒதுக்கினார், சொற்களையும் திருத்தினார். செவியையே சான்றாகக் கொண்ட அத்திருத்தத்தைப் புலவர் பலர் மறுத்தனர். அவரும் ஒரு வகையில் திருப்பணி செய்தவரே. பழுது என்று அவர் போக்கியது பழுதா, கம்பனா என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. முடியாமல் இருப்பதற்கு வாய்ப்பு இருப்பதே அவ்வழக்கின் நற்பேறு. அவர் ஒதுக்கிய பாடல் வேறு பதிப்பில் உள்ளது. வேண்டுவார் எடுத்துப் படித்து அவரோடு மாறுபடலாம். ஏட்டுக்கு இன்னொரு படி உண்டு. சுவருக்கு இல்லை. சித்திர சபையில் ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோடு விழுந்தபின், கீழ்க்கோடு எவ்வாறு இருந்தது என்று மாறுபடுவதற்கும் வழி இராது.

பராக்கிரம பாண்டியனின் செய்யுள்களுக்கு ஒரு படி கிடைத்தது. தி. அ. கோபிநாத ராவ் தென்காசிக் கல்வெட்டுகளைப் படியெடுத்துத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். ஊர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது, நூலோ திருவிதாங்கூருக்கு உரியது. எல்லை பாராமல் அவர் செய்த அந்தப் பணி, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அரசன் எதை வேண்டினான் என்று சொல்லத் துணை நிற்கின்றது.

அத்தகைய படி ஒன்று, இனி நிகழும் ஒவ்வொரு பணிக்கும் முன் வேண்டப்படுகின்றது. சாரம் கட்டுமுன் சுவரின் ஒளிப்படம். தூரிகை தொடுமுன் உதிர்ந்த இடங்களின் வரைபடம். கல்லைத் துப்புரவு செய்யுமுன் எழுத்துகளின் மைப்படி. பணி முடிந்தபின், எது பழையது, எது இவ்வாண்டினது என்னும் குறிப்பு. குறிப்பு அலுவலகப் பேழையில் உறங்காமல், கோயிலில் கேட்பவருக்குக் காட்டப்படவேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு விழாப் பந்தலின் செலவைவிட மிகுதியாகாது. கல்வெட்டுச் செய்யுளைப் பிழையறப் படிக்கவும், அச்சிட்ட பாடத்தோடு கல்லை ஒப்பிட்டுத் தேய்ந்த எழுத்துகளைக் கணக்கிடவும் யாப்பறிந்தவர் துணை வேண்டும். இப்பகுதியின் புலவர்களுக்கு அது இயலாத பணியன்று. அடுத்த குடமுழுக்குக்கு நாள் குறிக்குமுன் அந்த ஒப்பீடு முடிந்திருத்தல் நலம்.