கொச்சைப் பேச்சும் நகைச்சுவை மேடையும்



எலிசபெத், ஜேம்ஸ் காலத்து ஆங்கில நகைச்சுவை நாடகங்களில் வரும் கொச்சைப் பேச்சைப் பற்றி விவாதிக்கக் கூடியிருக்கிறோம். வகுப்பில் இந்த வரிகள் வந்தால் பெரும்பாலும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆய்வில் அதற்கு இடமில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொச்சைப் பேச்சை அகராதியை மட்டும் வைத்துப் படித்தால் பாதிதான் கிடைக்கும். யார் சொல்ல, யார் காதில் எப்படி விழுந்தது என்று காட்சியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஷேக்ஸ்பியரின் ‘மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்சர்’ நாடகத்தின் நான்காம் அங்கத்தைப் பாருங்கள். வேல்ஸ்காரப் பாதிரியார் எவன்ஸ், சிறுவன் வில்லியமிடம் லத்தீன் இலக்கணம் கேட்கிறார். ‘ஜெனிட்டிவ் கேஸ்’ எனப்படும் ஆறாம் வேற்றுமையின் பன்மையைக் கேட்டதும் பையன் ‘ஹோரும்’ என்று தொடங்கி ஒப்பிக்கிறான். அருகில் நிற்கும் குவிக்லி என்ற பெண்ணுக்கு லத்தீன் தெரியாது. வேற்றுமையின் பெயர் அவள் காதில் ஜென்னி என்ற பெண்ணாகவும், பையனின் விடை வேசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகவும் விழுகின்றன. ‘கேஸ்’ என்பதற்கோ அன்றைய பேச்சில் பெண்குறி என்றும் பொருள் உண்டு. பிள்ளைக்கு இப்படியா பாடம் சொல்வது என்று அவள் பொரிந்து தள்ளுகிறாள். பாதிரியார் தகாத சொல் எதுவும் பேசவில்லை. பையனோ பாடத்தைத்தான் ஒப்பித்தான். பள்ளி லத்தீனும் தெருப்பேச்சும் தெரிந்த பார்வையாளருக்குத்தான் முழுச் சிரிப்பும் கிடைக்கிறது. இந்தக் காட்சி 1602 குவார்ட்டோ பதிப்பில் இல்லை. 1623 ஃபோலியோ பதிப்பில்தான் இருக்கிறது. பதிப்பு வரலாற்றை விட்டுவிட்டு இத்துறையில் ஓரடியும் வைக்க முடியாது.

மிடில்டனும் டெக்கரும் சேர்ந்து எழுதிய ‘தி ரோரிங் கேர்ள்’ 1611இல் அச்சானது. மேரி ஃப்ரித் என்ற உண்மையான லண்டன் பெண்ணை வைத்து எழுந்த நாடகம் அது. அதில் அவளை வைத்துப் படைக்கப்பட்ட நாயகி மால், திருடர் குழுக்குறிப் பேச்சுக்குப் பிரபுக்களிடம் விளக்கம் சொல்கிறாள். உடலுறவைக் குறிக்கும் சொற்கள் வந்ததும், தன் ஆளைக் கேட்கச் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறாள். அவனோ ஒரு கொச்சைச் சொல்லுக்கு இன்னொரு கொச்சைச் சொல்லையே பொருளாகச் சொல்கிறான். நேரடியாக எதுவும் சொல்லப்படவில்லை. ஆனாலும் பொருள் அரங்கம் முழுவதற்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதே மால்தான், தன்னை விலைமகள் என்று எண்ணிய லாக்ஸ்டனை வாளெடுத்து எதிர்கொண்டு, பெண்களின் மானத்துக்காக வாதாடுகிறாள். கொச்சை ஒரு பெண்ணை இழிவுபடுத்தும் கருவியாகவும் இருந்தது, அவள் கைக்கு ஆயுதமாகவும் வந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

அன்றைய சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 1606ஆம் ஆண்டுச் சட்டம், மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாகச் சொன்னால் பத்து பவுண்டு அபராதம் என்றது. பாலியல் சிலேடையைப் பற்றி அது பேசவே இல்லை. ஆகவே கடவுள் பெயரால் ஆணையிடும் சொற்கள் பல பிரதிகளில் மாறின. கொச்சை தப்பிப் பிழைத்தது. அதற்குக் கத்தரி வந்தது பிற்காலத்தில். 1807இல் வெளியான ‘குடும்ப ஷேக்ஸ்பியர்’ பதிப்பில் ஹென்ரியேட்டா பௌட்லர் அத்தகைய வரிகளை நீக்கினார். 1818இல் தம்பி தாமஸின் பெயரில் பதிப்பு விரிந்தது.

1947இல் எரிக் பார்ட்ரிட்ஜ் ஷேக்ஸ்பியரின் கொச்சைக்குச் சொற்கோவை தந்தார். 1994இல் கார்டன் வில்லியம்ஸ் மூன்று தொகுதிகளில் பேரகராதி தந்தார். இருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அகராதியில் இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு வரியிலும் ஆபாசம் தேடுவதும் பிழை. பௌட்லர் பதிப்பு இருந்ததை மறைத்தது. இந்தப் பழக்கம் இல்லாததை ஏற்றுகிறது. காட்சிக்குப் பொருந்துகிறதா, அதே காலத்தில் வேறு சான்று உண்டா என்று கேட்காமல் எதையும் ஏற்காதீர்கள்.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பதிப்பு, யார் பேச்சு, மேடையில் யாருக்குப் புரிகிறது, சிரிப்பு யார் மேல் விழுகிறது: இந்த நான்கையும் சொல்லிவிட்டுப் பொருள் சொல்லுங்கள். கூச்சமின்றிப் பேசுங்கள், சான்றோடு பேசுங்கள். அந்த நம்பிக்கையுடன் இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.