மெய்ப்புப் பார்த்தீர்களா?

நடுவர் அவர்களே! செல்போன் சாத்தானின் சாமான் என்கிறார் எதிரணி நண்பர். அதையும் செல்போனைப் பார்த்துத்தான் வாசித்தார்! (சிரிப்பு)

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் அச்சு இயந்திரத்தைப் பார்த்து அப்படிப் பயந்தாரா? ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்து ரொம்பப் பெரிசு, காகிதத்தை விழுங்கியது. தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. கருவியைத் தங்கள் தேவைக்குத் திருத்திக்கிட்டாங்க ஐயா! (கைதட்டல்)

அச்சுக்கூடத்தில் மெய்ப்புப் பார்க்காமல் தாள் ஓடாது. நாம? ‘இந்த ஜெபத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பு, ராத்திரிக்குள்ள அற்புதம் நடக்கும்’னு வாட்ஸ்அப்பில் வருது. யார் எழுதினது? தெரியாது. அனுப்பிடுறோம். (சிரிப்பு) சிரிக்கிற விஷயத்தோடு நின்றால் பரவாயில்லை. எங்கோ ஒரு ஆலயம் எரிகிற படம் வருது. எந்த ஊர், எந்த வருஷம்? கேட்பதில்லை. அந்தப் படத்தால் பக்கத்துத் தெருவில் ஒருவன் அடி வாங்கினால்? பொய்ச்சாட்சி கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. விரலால் சொன்னால் விலக்கு உண்டா?

2020இல் ஆலயக் கதவுகள் சாத்தியிருந்தபோது, படுக்கையில் கிடந்த பாட்டிகளுக்கு ஆராதனையைக் கொண்டுபோனது இதே செல்போன்தான். மறுக்கவில்லை. கதவு திறந்த பிறகும் அந்தப் பாட்டிக்கு ‘ஆமென்’ படம் அனுப்புகிறோமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பார்த்தோமா?

மணி அடிச்சிட்டீங்க. உட்கார்ந்துட்டேன் ஐயா.