குளிர்ந்த ஆற்றில் பாஸ் மீன்

அமெரிக்காவின் நன்னீர்த் தூண்டில்காரர்கள் பெரிதும் கொண்டாடும் மீன் பாஸ். வெதுவெதுப்பான நீரை விரும்பும் மீன் அது. கோடையில் நீர்ப்பரப்பைக் கிழித்துக்கொண்டு எழும்பி இரையைக் கவ்வும். அக்டோபரில் இலைகள் பழுத்து உதிரத் தொடங்கியதும், மீன் இனி இரை எடுக்காது என்று பலர் தூண்டிலைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். ஆனால் குளிரிலும் மீன் தின்னத்தான் செய்கிறது, துரத்துவதைத்தான் விட்டுவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டவருக்கு டிசம்பரிலும் மீன் கிடைக்கும்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஓடும் சஸ்குவெஹானா ஆற்றை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் மாநிலத்து ஒட்சேகோ ஏரியில் பிறந்து, 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறு. அகலம் அதிகம், ஆழம் குறைவு, அடியெல்லாம் பாறை. இங்கே இருப்பது ஸ்மால்மவுத் என்ற வகை பாஸ். மீனின் உடம்புச் சூடு நம்முடையதைப்போல் நிலையாக நிற்பதில்லை. நீர் குளிர்ந்தால் அதுவும் குளிரும். நீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் செரிமானம் மந்தமாகிவிடும். ஒருமுறை வயிறு நிறைந்தால் நாள்கணக்கில் தாங்கும். கோடையில் ஆறு முழுக்கப் பரவித் திரிந்த மீன்கள், நீரோட்டம் தணிந்த ஆழமான மடுக்களில் கூட்டமாக ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே ஆற்றின் பெரும்பகுதியில் அப்போது மீனே இராது. சரியான மடுவைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

மீதிப் பாதி, இரையில் இருக்கிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்லும். ஃப்ளை ஃபிஷிங் என்ற முறையில் கனம் நரம்பிலேயே இருக்கிறது. தடித்த அந்த நரம்பை முன்னும் பின்னும் வீசிக் காற்றில் விரித்து, நுனியில் மெல்லிய இழையில் கட்டிய இறகு இரையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அந்த இரைக்குத்தான் ஃப்ளை என்று பெயர். பூச்சியைப்போல் மட்டுமல்ல, சிறு மீனைப்போலவும் கட்டுவார்கள்.

இந்த ஆற்றில் மீன்பிடி வழிகாட்டியாக இருந்த பாப் க்ளவ்சர் 1980களில் ஒரு ஃப்ளை கட்டினார். தூண்டில் முள்ளின் தலைப்பக்கம் ஈயத்தால் ஆன இரண்டு கண்கள். உடம்புக்கு மான்வால் முடி. ஈயத்தின் கனத்தால் முள் தலைகீழாகப் புரண்டு, கூர்முனை மேல்நோக்கி நிற்கும். பாறையில் எளிதில் சிக்காது. இழுத்தால் முன்னே பாயும், விட்டால் தலைகுப்புற இறங்கும். லெஃப்டி க்ரே என்ற புகழ்பெற்ற தூண்டில் ஆசான் இதை உலகறியச் செய்தார்.

ஆனால் கடுங்குளிரில் இதைவிட எனக்குப் பிடித்தது வூலி பகர் என்ற ஃப்ளை. அதுவும் பென்சில்வேனியாக்காரர் ஒருவர் கட்டியதுதான். பெயர் ரஸ்ஸல் பிளெஸிங், ஆண்டு 1967. வால் முழுக்கப் பஞ்சுபோன்ற வான்கோழி இறகு, உடம்பைச் சுற்றிச் சேவல் இறகு. நரம்பை அசைக்காமல் பிடித்திருந்தாலும் அந்த இறகின் ஒவ்வொரு நூலும் நீரில் தானாக நெளியும். துரத்த மனமில்லாத மீனின் முன்னால், ஓடாமல் நின்றபடியே உயிருள்ளதாகத் தெரிகிற இரை வேண்டும். மான்முடியைவிட இறகு இங்கே ஜெயிப்பது அதனால்தான்.

ஃப்ளை அடியை நெருங்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு நரம்பை ஒரு சாண் இழுத்து, நிறுத்த வேண்டும். எவ்வளவு நேரம்? கை துறுதுறுக்கும் அளவுக்கு. மீன் கவ்வுவது பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான். அப்போதும் வெடுக்கென்ற இழுப்பு எதுவும் இராது. ஈரத்துணியில் சிக்கியதுபோல நரம்பு லேசாகக் கனக்கும். சந்தேகம் வந்தாலே நரம்பை இறுக்கிப் பார்க்க வேண்டியதுதான். விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டிய அவசியமும் இல்லை. வெயில் ஏறி, நண்பகலுக்குமேல் நீர் ஓரிரு டிகிரி சூடானாலே மீன் சற்றுச் சுறுசுறுப்பாகும்.

ஒரு மடுவில் இத்தனை மீன்கள் ஒதுங்கியிருப்பது தூண்டில்காரருக்கு வசதி, மீனுக்கு ஆபத்து. 2005இல் இந்த ஆற்றில் பாஸ் குஞ்சுகள் நோய் கண்டு ஏராளமாக மடிந்தன. அதன்பின் ஆற்றின் நடுப்பகுதியில், பிடித்த பாஸை உடனே திருப்பி விட்டுவிட வேண்டும் என்று விதி வந்தது. விதி இல்லாத இடத்திலும் அப்படிச் செய்வதே முறை என்பேன். உறைபனிக் காற்றில் படம் எடுப்பதற்காகத் தூக்கிப் பிடித்திருந்தால் செவுள் கெட்டுப்போகும். நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றிவிடுவது நல்லது.

ஆளுக்கு வரும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கடுங்குளிர் நீரில் விழுந்தால், விழுந்த கணமே நம்மையறியாமல் மூச்சை உள்ளே இழுப்போம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட அதில் நீரைக் குடித்துவிடலாம். பென்சில்வேனியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, 16 அடிக்குக் குறைவான படகிலோ கயாக்கிலோ போகிறவர் உயிர்காப்புச் சட்டையை அணிந்தே இருக்க வேண்டும். படகில் வைத்திருந்தால் மட்டும் போதாது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் இருந்து, குளிரில் மீன்பிடிக்கப் போவதாகச் சொன்னால், முதலில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.